சடுகுடு – ஹுதூதூ – கபடி: ஓர் ஆட்டப் பெயரின் சமுதாய அரசியல் வரலாறு

கபடி ஆட்டத்தின் விதிநூலில் மொழியியலார் உற்று நோக்கத்தக்க விதி ஒன்று உண்டு. எதிரணியின் களத்துள் புகும் ஆட்டக்காரர் ஒரே மூச்சில், இடையறாது, பிறர் செவியிற் படும்படி ஒரு சொல்லை ஒலித்துக்கொண்டே செல்லுதல் வேண்டும். அச்சொல், ஏற்பளிக்கப்பட்ட சொல்லாகிய ‘கபடி’ என்பதாகவே இருத்தல் வேண்டும். காற்பந்தாட்டத்தில் ஆடுவோர் எம்மொழியிற் கூவினாலும், கூவாமலே ஆடினாலும், பந்து வலைக்குட் புகுந்தால் அது கணக்கில் ஏறும். மட்டைப்பந்தாட்டத்தில் பந்து வீசுவோர் நடுவரை நோக்கி எழுப்பும் முறையீட்டிற்குக்கூட மொழிக்கட்டுப்பாடு மிகத் தளர்வானதே. இங்கோ, ஆடுவோரின் வாயில் எந்தச் சொல் இருத்தல் வேண்டும் என்பதே ஆட்டவிதியாக அமைந்துள்ளது.

தமிழ்ச் சிறுவர்கள் சடுகுடு என்று பாடிய ஆட்டம் இது. மராத்தியச் சிறுவர்கள் ஹுதூதூ என்று ஒலித்த ஆட்டமும் இதுவே. இருசாராரும் தத்தம் சொல்லை விடுத்து மூன்றாவதொரு சொல்லை ஏற்றுக்கொண்டது எங்ஙனம்? அதனால் இழந்தது யாது, பெற்றது யாது? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. தமிழரும் மராத்தியரும் ஒரே திடலில் ஆடிய மும்பைப் புறநகராகிய குர்லாவிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

குர்லாவில் வழங்கிய மூன்று பெயர்கள்

குர்லா, மும்பையின் மத்திய இருப்புப்பாதையும் துறைமுக இருப்புப்பாதையும் சந்திக்கும் இடம். 1886ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா இங்கிருந்த தரம்சி ஆலையை வாங்கி அதற்குச் ‘சுதேசி ஆலை’ எனப் பெயரிட்டார். வங்கப் பிரிவினையை ஒட்டி 1905இல் சுதேசி இயக்கம் எழுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சொல் குர்லாவின் ஆலைவாயிலில் ஏறிவிட்டது. ஆலை இன்று இயங்கவில்லை; பெயர் மட்டும் அப்பகுதியார் பேச்சில் எஞ்சியுள்ளது.

குர்லாவிற்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் மாட்டுங்காவும் தாராவியும், தென்கிழக்கில் செம்பூரும் அமைந்துள்ளன. இவை மும்பைத் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளாம். எனினும் இத்தமிழர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். மாட்டுங்காவில் குடியேறியோருட் பலர் ஆங்கிலக் கல்வி பெற்று அலுவலகப் பணிக்கு வந்தவர்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் அங்கேதான். தாராவிக்கு வந்தோரிற் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையினர். தோல் பதனிடும் தொழிலுக்கும் கூலிவேலைக்கும் வந்தவர்கள். விளையாட்டிலும் இவ்வேறுபாடு புலப்பட்டது. வெள்ளுடை, மட்டை, காலுறை, புல்வெளி ஆகியவற்றை வேண்டும் மட்டைப்பந்தாட்டம் முன்னவர்க்கு எளிதாயிற்று. பின்னவர்க்குக் கிடைத்தது மண்தரையும் தம் உடம்பும். கருவி ஏதும் வேண்டாத ஆட்டத்தையே அவர்கள் ஆடினர்.

குர்லா கிழக்கில் வாழ்ந்துவரும் தமிழ் முதியோர் சிலருடன் இக்கட்டுரையாளர் உரையாடியபோது ஒரு செய்தி தெரியவந்தது. 1960களில் சிறுவராயிருந்த அவர்கள் ஒரே ஆட்டத்தை மூன்று பெயர்களால் வழங்கியுள்ளனர். தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த சந்துகளில் அது சடுகுடு. மராத்தியச் சிறுவர்களோடு சால் முற்றங்களில் ஆடும்போது ஹுதூதூ. பள்ளிப்போட்டி, சங்கப்போட்டி என்று வந்துவிட்டால் கபடி. வழங்குகளத்திற்கேற்ப மொழி மாறும் என்று சமுதாய மொழியியலார் கூறுவர். ஆட்டவிதி ஒன்றாயிருக்க, மூச்சில் வைத்த சொல் மட்டும் மாறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இம்மாற்றம் அச்சமின்றி நிகழ்ந்ததாகவும் கொள்ள இயலாது. 1966ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சிவசேனை தோன்றியது. மும்பையின் வேலைவாய்ப்புகளைத் தென்னிந்தியர் கவர்ந்துகொள்கின்றனர் என்பது அதன் தொடக்ககால முழக்கம். தென்னிந்தியரின் உடையும் பேச்சும் ஏளனத்திற்குரியனவாயின. பிள்ளையார் விழாவும் உடற்பயிற்சியும் கபடியும் அரசியற் சார்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை மும்பையின் தெரு மண்டல்கள். அத்தகைய மண்டல் ஒன்றின் திடலில் இறங்கிய தமிழ்ச் சிறுவன் ‘சடுகுடு’ என்று வாய் திறந்தால் தான் யாரென்பதை அறிவித்தவன் ஆவான். ‘ஹுதூதூ’ என்று சொன்னாலோ அவன் நாவின் ஒலிப்பு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘கபடி’ என்று சொல்லும்போது மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார் அம்முதியோருள் ஒருவர். அச்சொல் அங்கிருந்த எவருக்கும் வீட்டுச்சொல் அன்று.

மூச்சும் பெயரும்

இவ்வாட்டம் துணைக்கண்டம் முழுவதும் பல பெயர்களில் வழங்குகின்றது. தமிழிற் சடுகுடு, பலீஞ்சடுகுடு, தெலுங்கிற் செடுகுடு, மராத்தியில் ஹுதூதூ, வங்கத்தில் ஹாடுடு, இலங்கையிற் குடு, வடபுலத்திற் கபடி. இப்பெயர்களுட் பல பொருள் குறித்து வந்தவை அல்ல, ஒலிக்குறிப்பினவே. சடுகுடு என்பதனைச் சடு, குடு எனப் பிரித்துப் பொருள் காண முயல்வோர் உளர். அம்முயற்சி தேவையற்றது. களத்தில் ஒலிக்கப்படும் ஒலியே ஆட்டத்திற்குப் பெயராகியுள்ளது. எனவே இவ்வாட்டத்தின் பெயரை மாற்றுவது பலகையில் எழுதிய பெயரை மாற்றுவது போன்றதன்று. ஆடுவோரின் மூச்சில் உள்ளதை மாற்றுவதாகும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. சடுகுடு, செடுகுடு, ஹாடுடு, குடு ஆகிய நான்கும் ‘டு’ என்னும் குற்றுகர அசையில் முடிகின்றன. குறில் அசைகளையே மிகுதியும் கொண்டு, அடுக்கிச் சொல்லுதற்கு ஏற்றனவாய் நிற்கின்றன. ஹுதூதூவும் உகர ஒலியைச் சார்ந்ததே. இதழ் குவித்து உகரம் ஒலிக்கையில் மூச்சு சிறிது சிறிதாகவே வெளிப்படும் என்பதனை இதனோடு ஒப்பிட்டு எண்ணலாம். ‘கபடி’ இக்குடும்பத்திற் சேராமல் தனித்து நிற்கின்றது. இந்தியிலும் மராத்தியிலும் அச்சொல்லின் இடையே டகரம் இரட்டித்து ஒலிக்கும். அடுக்கி விரைந்து சொல்லும்போது அவ்விரட்டிப்பு நெகிழ்ந்துவிடுவதை எவரும் தாமே சொல்லிப் பார்த்து அறியலாம்.

தமிழ் எழுத்துமுறை இங்கே ஒரு சிக்கலைச் சந்தித்தது. ஒலிப்புடை டகரம் இரட்டித்து வருவதைத் தமிழில் எழுதிக்காட்ட வழியில்லை. ‘கபட்டி’ என எழுதினால் ‘பட்டி’ என்பதிற்போல வல்லொலியாகப் படிக்கப்படும். ஆகவே இரட்டிப்பை விட்டுக் ‘கபடி’ என எழுதலாயினர். அதன் விளைவாக அது வஞ்சகம் குறிக்கும் ‘கபடம்’ என்னும் சொல்லின் பக்கத்தில் வந்து அமர்ந்தது. பிடிபடாமல் ஏய்த்துத் திரும்பும் ஆட்டத்திற்கு அது பொருந்துவதாகவே தோன்றினும், இது தற்செயலன்றி வேறன்று.

‘கை’, ‘பிடி’ என்னும் இரு தமிழ்ச்சொற்கள் சேர்ந்தே ‘கபடி’ ஆயிற்று என்னும் கருத்து மேடைகளிலும் நூல்களிலும் பரவலாகக் கூறப்படுகின்றது. கேட்பதற்கு இனியது, ஆயினும் ஒலியியல் அதற்கு இடந்தரவில்லை. கை என்பதன்முன் பிடி வரின் பகரம் இரட்டித்துக் ‘கைப்பிடி’ என்றாகும். கபடியிலோ பகரம் இரட்டவில்லை. வடமொழிகளின் வடிவில் டகரமே இரட்டிக்கின்றது. இரட்டிப்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இருக்கவேண்டாத இடத்தில் உள்ளது. முதலசையின் ஐகாரம் அகரமானமைக்கும் பிடியின் இகரம் அகரமானமைக்கும் தனித்தனியே விளக்கம் தேவைப்படும். தமிழ் தன் சொல்லாகிய சடுகுடுவைக் கைவிட்டபின், வந்த சொல்லுக்குத் தமிழ்ப் பிறப்புச் சான்றிதழ் தேடுவது ஒருவகை மனநிறைவைத் தரலாம். சொல்லாய்வுக்கு அது உதவாது.

சமயப் பெயர் பூண்ட அணிகள்

பெயரின் வழியே அரசியல் ஆடுகளத்துள் நுழைந்தமைக்குக் கபடிக்கு முன்னரே மும்பை ஒரு பெருஞ்சான்றைத் தந்திருந்தது. அஃது ஐரோப்பியரின் மட்டைப்பந்தாட்டம் பற்றியது. மும்பைப் பார்சிகள் 1848இல் ஓரியண்டல் மட்டைப்பந்துக் கழகத்தை அமைத்தனர். பின்னர் ஐரோப்பியர்க்கும் பார்சியர்க்கும் இடையே ஆண்டுதோறும் போட்டி நிகழ்ந்தது. 1907இல் இந்துக்கள் அணியும் 1912இல் முஸ்லிம்கள் அணியும் சேர்ந்தன. 1937இல் ஐந்தாவதாக ஓர் அணி சேர்க்கப்பட்டது. கிறித்தவர், யூதர் முதலிய பிறர் அதில் இடம்பெற்றனர். அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘தி ரெஸ்ட்’.

இப்பெயரைத் தமிழாக்குவோர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ‘ஏனையோர்’ எனின் அது நடுநிலைச் சொல். ‘எஞ்சியோர்’ எனின் பங்கிட்டபின் மீந்தோர் என்னும் பொருள் தொனிக்கும். இரண்டாவதே வரலாற்றுக்கு நெருக்கமானது. நாட்டு மக்களைச் சமயவாரியாகப் பகுத்து, எப்பகுப்பிலும் அடங்காதவர்க்கு இட்ட பெயர் அது. 1943–44ஆம் பருவத்தில் இந்துக்கள் அணிக்கு எதிராக அவ்வெஞ்சியோர் எடுத்த 387 ஓட்டங்களில் 309 ஓட்டங்களை விஜய் ஹசாரே என்னும் கிறித்தவர் ஒருவரே எடுத்தார் என்பது ஆட்ட வரலாற்றில் நிலைத்த செய்தி.

‘இந்துக்கள்’ என்னும் அணிப்பெயரும் உள்ளே ஒற்றுமை உடையதாய் இருக்கவில்லை. அவ்வணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு தோல்தொழிலோடு தொடர்புடைய சமார் சமூகத்தில் 1876இல் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியர் கழகமொன்றில் திடலைப் பேணும் ஊழியராயிருந்து பந்து வீசப் பழகினார். களத்தில் அவர் தொட்ட பந்தையே சாதி இந்துக்களும் தொட்டு ஆடினர். இடைவேளையில் அவருக்குத் தேநீர் தனிக்கலத்தில், கூடத்திற்கு வெளியே தரப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களை அவர் வீழ்த்தினார். எனினும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிட்டவேயில்லை. அவர் தம்பி விட்டலுக்கே 1923இல் அது கிட்டியது. பாலு பின்னர் அரசியலிலும் ஈடுபட்டார். 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், தமிழகத்தின் எம்.சி. இராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் அவரும் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரசு வேட்பாளராக நின்று தோற்றார். ஆடுகளத்து வரலாறும் நாட்டு வரலாறும் ஒரே மனிதரின் வாழ்வில் இவ்வாறு முறுகிக் கிடக்கின்றன.

1940 டிசம்பரில் காந்தியடிகள் சமயவாரியான இப்போட்டிகளுக்கு எதிராகக் கருத்து வெளியிட்டார். 1946ஆம் ஆண்டுடன் அவை நின்றன. சென்னைச் சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி நிகழ்ந்த போட்டி இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே அணிகள் இரண்டே: இந்தியர், ஐரோப்பியர். ஐரோப்பியர் கழகத்தில் இந்தியர்க்கு உரிய மதிப்புக் கிடைக்காமையை எதிர்த்துப் புச்சிபாபு நாயுடு 1888இல் மதராஸ் ஐக்கிய கழகத்தைத் தோற்றுவித்ததன் தொடர்ச்சி அது. சென்னையில் நிறம் பிரித்தது. மும்பையிற் சமயமும் சேர்ந்து பிரித்தது.

‘ஜிம்கானா’ என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. மும்பைக் கடற்கரையில் பார்சி ஜிம்கானா, இஸ்லாம் ஜிம்கானா, இந்து ஜிம்கானா என்று இன்றும் வரிசையாக நிற்கும் இச்சொல், பந்துவீடு என்னும் பொருளுடைய ‘கேந்த்-கானா’ என்னும் இந்துஸ்தானித் தொடர் ஆங்கிலர் நாவில், உடற்பயிற்சி குறிக்கும் அவர்தம் சொல்லோடு மயங்கித் திரிந்தது என்பர். ஆண்டவரும் ஆளப்பட்டவரும் கூடிச் செய்த கலவைச்சொல்லின்முன் ஒவ்வொரு சமயமும் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

விதிநூல் பிறந்த வரலாறு

மட்டைப்பந்தாட்டம் சமயவாரியாகப் பிரிந்து நின்ற அதே காலத்தில், மராத்திய நாட்டின் உடற்பயிற்சிக் கழகங்கள் நாட்டு ஆட்டங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கின. அடிமைப்பட்ட நாட்டின் உடல் வலிமையை மீட்டெடுத்தல் என்னும் எண்ணம் அவற்றின் பின்னணியில் இருந்தது. மேலைநாட்டு ஆட்டங்களுக்கு எழுதிய விதிநூல் இருந்தது; நாட்டு ஆட்டங்களுக்கு இல்லை. ஊருக்கு ஊர் எண்ணிக்கையும் எல்லையும் வேறுபட்டன. 1923இல் பரோடாவில் விதிகள் வெளியிடப்பட்டுப் போட்டியும் நிகழ்ந்தது. 1936இல் அமராவதியைச் சேர்ந்த அனுமான் உடற்பயிற்சிக் கழகத்தினர் பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது இவ்வாட்டத்தை ஆடிக்காட்டினர். விளையாட்டைத் தன் இனக்கொள்கையின் காட்சிமேடையாக்கிய ஆட்சி ஒன்றின் தலைநகரில் இந்திய நாட்டுப்புற ஆட்டம் முதன்முறை உலகின்முன் நின்றது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1938இல் கல்கத்தாவில் நிகழ்ந்த இந்திய ஒலிம்பிக் போட்டியில் இஃது இடம்பெற்றது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவாயிற்று.

விதிகளை வகுப்பதில் முன்னின்றோர் மராத்தியர். அவ்வாறிருக்கத் தம் ‘ஹுதூதூ’வை அவர்கள் நாட்டுக்குரிய பெயராக நிறுவவில்லை. அனைத்திந்திய அளவில் ஓர் ஆட்டத்தை நிலைநிறுத்த விரும்பியோர், இந்தி வழங்கும் பரந்த நிலப்பகுதிக்கும் பஞ்சாபுக்கும் பழகிய பெயரைத் தேர்ந்தமை இயல்பே. அரசமைப்புச் சட்டம் ஆட்சிமொழியைப் பற்றி முடிவு செய்த அதே காலப்பகுதியில் ஆட்டமொழியைப் பற்றிய முடிவும் நிலைபெற்றது என்பதைச் சுட்டாமல் இருத்தற்கில்லை. விடுதலை பெற்ற வங்கதேசமும் 1972இல் தன் ஹாடுடுவுக்குக் கபடி என்னும் பெயரைச் சூட்டித் தேசிய ஆட்டமாக அறிவித்தது. மொழியின் பெயரால் பிறந்த ஒரு நாடு தன் ஆட்டத்தின் தாய்மொழிப் பெயரை விட்டுக்கொடுத்தது வியப்பிற்குரியது. பன்னாட்டுக் களத்தில் ஆடவேண்டுமாயின் பிறரோடு ஒத்த பெயர் வேண்டும் என்பதே அதன் ஏரணம். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்திற்குரிய போட்டியாக இது சேர்க்கப்பட்டபோது ‘கபடி’ என்னும் சொல் திரும்பிச் செல்லமுடியாத இடத்தை அடைந்துவிட்டது.

தமிழ்நாட்டின் நிலை இன்னும் வியப்பூட்டுவது. 1965இல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துப் பெரும் போராட்டம் கண்ட மண் அது. ஆங்கிலத்தில் வந்த ஆட்டங்களுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் ஆக்கப்பட்டது. மட்டைப்பந்து, கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து என்பன பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் இடம்பெற்றன. ஈழத் தமிழர் துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் எனத் தமக்கெனத் தனிவழி கண்டனர். ஆனால் சடுகுடுவின் இடத்தில் கபடி வந்து அமர்ந்ததை எவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தனித்தமிழ் முயற்சி அயலாரின் பொருளுக்குத் தமிழ்ப்பெயர் தேடுவதில் விழிப்பாயிருந்தது. தமிழ்ப்பொருளுக்கு ஏற்கெனவே இருந்த தமிழ்ப்பெயரைக் காவல் செய்ய மறந்தது. தென்மாவட்டச் சிற்றூர் அணியைப் பற்றி 2009இல் வெளிவந்த திரைப்படத்திற்கும் ‘வெண்ணிலா கபடிக்குழு’ என்றே பெயர் அமைந்தது.

இதற்கு நேர்மாறானது ஜல்லிக்கட்டு. 2014 மே திங்களில் உச்ச நீதிமன்றம் அதனைத் தடைசெய்தபின், 2017 சனவரிப் போராட்டத்தின்போது ‘ஏறு தழுவுதல்’ என்னும் தொடர் பொதுவழக்கில் மீண்டும் பரவியது. கலித்தொகையின் முல்லைப்பகுதி கூறும் ஏறுகோடலை நினைவூட்டும் இத்தொடரில் காளையை அடக்குதல் இல்லை; தழுவுதல் உண்டு. விலங்குக்கு இழைக்கும் கொடுமை என்னும் குற்றச்சாட்டிற்குப் பெயரே மறுமொழியாயிற்று. 2023 மே திங்களில் அரசமைப்பு அமர்வு தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றது. தடை வந்தபோது பெயர் நினைவுக்கு வந்தது. சடுகுடுவை எவரும் தடைசெய்யவில்லை.

பாடுதலும் படையெடுத்தலும்

பெயரைவிட ஆழமான மாற்றம் வினைச்சொல்லில் நிகழ்ந்துள்ளது. தமிழில் எதிர்க்களம் புகுவோன் ‘பாடிப் போகிறான்’; அவன் ‘பாடுபவன்’. சடுகுடு என்று மட்டும் ஒலித்து நில்லாமல், குலப்பெருமையும் வீறும் எள்ளலும் கலந்த சிறு பாட்டுக்களைப் பாடி, அவற்றின் கடைச்சீரை மூச்சு அறும்வரை அடுக்கிக்கொண்டு வருவது நம் சிற்றூர் வழக்கு. நாட்டுப்புறவியலார் சிறுவர் பாடல்களைத் தொகுத்தபோது இவற்றையும் சேர்த்துள்ளனர். மராத்தியில் அதே செயலுக்குப் பெயர் ‘சடாயி’. ஏறிச் செல்லுதல், படையெடுத்தல் என்பது பொருள். பிடித்தல் ‘பகட்’ எனப்படும். கோட்டைகளையும் படையெடுப்புகளையும் தம் வரலாற்றுப் பெருமையின் நடுவில் வைத்த சமுதாயத்தின் சொற்கள் இவை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ரெய்டு’ என்பதும் படைத்துறைச் சொல்லே. தமிழ்ப்பாட்டு, படையெடுப்பாக மொழிபெயர்க்கப்பட்டது.

ஆயினும் விதிநூலின் ஆங்கிலத்தில் ஒரு சொல் தமிழின் பக்கம் நிற்கின்றது. மூச்சு விடாமல் ஒலித்தலுக்கு அங்கே ‘கேண்ட்’ என்று பெயர். பாடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து அது வந்தது. விதிகளை ஆங்கிலத்தில் எழுதியோர் தமிழ் வழக்கை அறிந்து இச்சொல்லைத் தேர்ந்தனர் எனக் கூறுதற்கில்லை. இருப்பினும் ‘பாட்டு’ என்பதே அதற்கு நேரான தமிழாக்கம். ‘உச்சரிப்பு’, ‘முழக்கம்’ முதலியன அத்துணைப் பொருந்தா.

விதிநூலின் சொற்றொகுதியைப் பகுத்துப் பார்ப்பின் அதிகாரத்தின் படிநிலை விளங்கும். ஆட்டத்தின் பெயர் வடபுலத்தது. எதிரணியினர் அனைவரையும் வெளியேற்றுவதற்குரிய ‘லோனா’ மராத்தியரின் ‘லோண்’ என்பதன் வழிவந்தது. ஆட்டவகைகளின் பெயர்களான சஞ்சீவனி, காமினி, அமர் என்பன வடமொழி. களத்தின் எல்லைகளுக்கும் ஆடுவோர்க்கும் உரிய பெயர்கள் ஆங்கிலம். தமிழிலிருந்து அதிற் புகுந்த சொல் ஒன்றும் இல்லை.

2014ஆம் ஆண்டு ஜூலையில் மும்பை வொர்லியில் தொழில்முறைக் கபடித் தொடர் தொடங்கியது. தொலைக்காட்சிக்கென அமைந்த இத்தொடரில் ஒவ்வொரு பாட்டுக்கும் 30 நொடி எல்லை. மூச்சே அளவுகோலாயிருந்த ஆட்டத்தில் கடிகாரம் அளவுகோலாயிற்று. 2017இற் சேர்ந்த தமிழ்நாட்டு அணிக்குத் ‘தமிழ் தலைவாஸ்’ என்று பெயர். தலைவா என்னும் விளிவேற்றுமை வடிவத்தோடு ஆங்கிலப் பன்மை விகுதியை ஒட்டி ஆக்கிய இப்பெயர், தமிழ் உருபனியல் கற்பிப்போர் வகுப்பில் எடுத்துக்காட்டாகப் பயன்படும்.

தொடுதல்

ஆட்டத்தின் உயிர்நாடி தொடுதலில் உள்ளது. தொட்டால் எதிரி ஆட்டமிழப்பான். தொட்டவனைப் பலர் சேர்ந்து கட்டிப்பிடிப்பர். உடம்போடு உடம்பு உராய்வதைத் தவிர்க்கவே இயலாத ஆட்டம், தொடுதலைத் தீட்டாகக் கருதிய சமுதாயத்தில் எங்ஙனம் ஆடப்பட்டது? தெருவாரியாக அணி அமைத்துத் தம்முள் ஆடிக்கொள்வது ஒரு வழி. அணிகள் கலக்க நேர்ந்த இடங்களில் ஆட்டம் சண்டையாகவும் முடிந்துள்ளது. சில வேளை தடைகளைத் தகர்த்தும் உள்ளது. தூத்துக்குடிப் பகுதியிலிருந்து எழுந்து 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ச்சுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025இல் வெளிவந்த ‘பைசன்’ திரைப்படம் இச்சிக்கலையே மையமாகக் கொண்டது.

தமிழில் ‘தொடு’, ‘தீண்டு’ என இரு வினைகள் உள. சடுகுடுவில் ‘தீண்டினான்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘தொட்டுட்டான்’ என்பதே வழக்கு. தீண்டாமை என்னும் சமுதாயக் கொடுமையைச் சுமந்த வினையை ஆட்டமொழி தன்னுள் விடவில்லை. திட்டமிட்டு விலக்கியது என்பதன்று. பேச்சுவழக்கு தானாகவே செய்துகொண்ட தேர்வு இது. பிறமொழியிலிருந்து இவ்வாட்டம் பற்றிய பகுதிகளைத் தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள சிக்கல்

மராத்தியத் தன்வரலாறுகளும் சிறுகதைகளும் தமிழில் மிகுதியாக வரத் தொடங்கியுள்ள நிலையில், அவற்றில் ஹுதூதூ என வரும் இடத்தில் என் செய்வது? கபடி என்று எழுதிவிடுதல் எளிது. ஆனால் விதிநூலுக்கு முற்பட்ட சேரிப்புறத்து ஆட்டம் அதனால் நடுவரும் சீருடையும் உடைய போட்டியாகிவிடும். சடுகுடு என்று எழுதினால் மராத்தியச் சிறுவன் தமிழ்ச் சிறுவனாகிவிடுவான் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முழுவதும் தவறன்று. எனினும் எழுதப்படாத விதிகளால் ஆடப்பட்ட ஊராட்டத்திற்குச் சடுகுடு, கூட்டமைப்பின் விதிப்படி ஆடப்படுவதற்குக் கபடி என இரண்டையும் இருபொருட் சொற்களாகப் பிரித்து வழங்குதல் தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. பாத்திரம் வாயால் ஒலிக்கும் இடத்தில் மட்டும் ‘ஹுதூதூ, ஹுதூதூ’ என்று அவ்வாறே விடலாம். அங்கே அது பெயரன்று, மூச்சு.

காலத்தைக் கருதாமல் செய்யும் பிழையும் உண்டு. 1920களில் நிகழும் கதையில் தமிழ்ச் சிற்றூர்ச் சிறுவரைக் ‘கபடி ஆடினர்’ என எழுதுவது, அவர்கள் கையிற் கைக்கடிகாரம் கட்டிவிடுவதற்கு ஒப்பாகும். மறுதலையாக, 1990 பெய்ஜிங் போட்டியைச் ‘சடுகுடுப் போட்டி’ என எழுதுவது மொழிப்பற்றாகலாம், செய்தியாகாது. குர்லா முதியோரின் வழக்கு இவ்வகையில் நமக்கு வழிகாட்டுகின்றது. அவர்கள் மூன்று சொற்களையும் மறந்துவிடவில்லை; எச்சொல்லை எங்கே வைப்பது என்பதில் தடுமாறவும் இல்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் கபடி என்னும் ஒரு சொல்லையே அறிவர். சடுகுடு என்றால் என்ன என்று அப்பிள்ளைகளுள் ஒருவனைக் கேட்டபோது, அது ஒரு பழைய பாட்டு என்றான்.